இரு மொழிகளுக்கிடையே நின்ற மலைநாட்டுப் பாவலர்

ஆளவந்தோரின் மொழி ஓங்கிய இடங்களிலெல்லாம் ஆளப்பட்டோரின் மொழி மாய்ந்தொழியும் என்பது பலருடைய எண்ணம். அது முற்றும் உண்மையன்று. தென்னமெரிக்காவின் பெரு, பொலிவியா, எக்குவடோர் நாட்டு மலைகளிலே ஸ்பானிய மொழிக்கு அருகிலேயே கெச்சுவா மொழி இன்றும் பல இலட்சம் மக்களின் நாவில் வாழ்கின்றது. பராகுவேயின் குவரானி மொழியோ 1992-ஆம் ஆண்டின் அரசியலமைப்பினால் ஸ்பானிய மொழியோடு சமமான ஆட்சிமொழியாயிற்று. நமது தேயிலை மலைகளிலும் துரையின் பங்களாவில் ஆங்கிலமும், தொழிலாளியின் லயத்தில் தமிழும் நூறாண்டுகளுக்கு மேலாக ஒரே தோட்டத்தில் வழங்கின. தமிழ் இம்மலையின் பழங்குடி மொழியன்று; கங்காணியின் பின்னே கடல் கடந்து வந்த மொழி. ஆயினும் அதன் நிலை அங்குள்ள கெச்சுவாவின் நிலையையே ஒத்திருந்தது. இவ்விரு மொழிகளுக்கும் நடுவே நின்றவர் சி. வி. வேலுப்பிள்ளை.

பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திலே, கங்காணிக் குடும்பமொன்றில், 1914-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கற்றுப் பின்னர் கொழும்பு நாலந்தாவிற் பயின்றார், ஆசிரியராகவும் பணியாற்றினார். 1934-இல் தாகூர் இலங்கைக்கு வந்தபொழுது அவரைக் கண்டு, தாம் ஆங்கிலத்தில் எழுதிய நூலை அளித்த இளைஞர் இவர்.

1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். தலவாக்கலையின் பிரதிநிதி வேலுப்பிள்ளை. மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. தம்மை அனுப்பிய மக்கள் நாடற்றோராவதை அச்சபையில் இருந்துகொண்டே காண நேர்ந்த உறுப்பினரின் உள்ளம் எவ்வாறிருந்திருக்கும்!

அவ்வுள்ளத்தின் குமுறலே 1954-இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலக் காவியம் என்பது என் கருத்து. தேயிலைத் தூரின் கீழே புதையுண்டவர்களை அது பாடிற்று. ஆனால் அது எவரைப் பாடிற்றோ அவர்களால் அதனைப் படிக்க இயலவில்லை. சக்தீ அ. பாலையா அதனைத் தமிழாக்கித் தேயிலைத் தோட்டத்திலே என்னும் பெயரில் 1969-இல் வெளியிட்ட பின்னரே அது வீடு திரும்பியது. வேலுப்பிள்ளை தாமும் தமிழில் நாவல்கள் எழுதினார். வீடற்றவன் அவற்றுள் ஒன்று.

எனினும் அவரது பெரும்பணி பாடல் திரட்டியதே எனத் துணிந்து கூறுவேன். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக மஸ்கெலியா செல்லும் பாதையின் இருமருங்கிலும் எத்தனை தோட்டங்கள்! விடியுமுன்னே தப்பொலி எழுந்து மக்களைப் பிரட்டுக் களத்திற்கு அழைத்த காலத்தில், கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் பிறந்தன. பாடியோர் எழுத்தறியாதவர், எழுத்தறிந்தோர் அவற்றைப் பொருட்படுத்தாதவர். கங்காணியின் கடுமையும், பாதி நாட் கூலியான அரைப்பேரும், கடலுக்கு அப்பால் விட்டுவந்த ஊரும் அப்பாடல்களிலேயே பதிவாயின; துரைமாரின் கணக்கேட்டில் அவற்றுக்கு இடமில்லை. ஆங்கிலத்தின் அணிவகுப்புச் சொல் பிரட்டு என்றும், வரிசைச் சொல் லயம் என்றும் அவர்கள் வாயில் தமிழாகிவிட்டதையும் இங்கே நினைவுகூரலாம். மொழி வாங்கியும் வாழும்.

இதே காலத்தில் பெரு நாட்டில் ஹொசே மரியா ஆர்கெடாஸ் என்பவர் இதே பணியைச் செய்தார். 1911-இல் பிறந்த அவர் இளமையிலேயே தாயை இழந்து, மாற்றாந்தாயின் வீட்டுப் பணியாளரான பழங்குடி மக்களிடையே கெச்சுவா பேசி வளர்ந்தார். நாவல்களை ஸ்பானிய மொழியில் எழுதினார். பாடல்களைக் கெச்சுவாவிலிருந்து திரட்டினார். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் ஆளவந்தோர் மொழியில் உலகோடு பேசி, அடுப்படி மொழியில் தம் மக்களைக் கேட்டவர்கள். ஆர்கெடாஸ் 1969-இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

வேலுப்பிள்ளைக்கோ வேறொரு துயரம் காத்திருந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை நீடித்தது. பாடியவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறினர். நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் பலர் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தனர். எந்தப் பாடல் எவரோடு போயிற்றென்று யார் கணக்கெடுத்தார்? மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் தொகுப்பு சென்னையிலே 1983-இல் அச்சேறியது. அடுத்த ஆண்டு நவம்பரில் வேலுப்பிள்ளை மறைந்தார்.