மோட்டார் ஓடியது, கார் நின்றது!

ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கைக் கதை

திண்டிவனத்தில் சாலை பல கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று புதுச்சேரிக்குப் போகிறது. ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறது. மற்றொன்று தெற்கே விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு ஓடுகிறது.

அந்தச் சாலைகளில் இரவு பகல் என்று பாராமல் பஸ்கள் பறக்கின்றன. இரு பக்கமும் நெல், கரும்பு, மல்லாட்டை. வயலுக்கு நடுவே சிறிய கொட்டகை. உள்ளே ஒரு மின்சார மோட்டார். பொத்தானை அழுத்தினால் போதும். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறது.

பஸ், மோட்டார் இரண்டும் இந்தப் பக்கத்து மக்களுக்குச் சோறு போடுகிறவை. முன்பு இவை இரண்டும் கடல் கடந்து வந்த அதிசயங்கள். இவற்றை நம் நாட்டு மனிதர்களும் நடத்தலாம், நம் நாட்டிலேயே செய்யலாம் என்று காட்டியவர்களில் முதல் வரிசையில் நின்றவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். அவர் அதிகம் படித்தவர் அல்லர். பெரும் பணக்காரராகப் பிறந்தவரும் அல்லர். அவர்தான் ஜி. டி. நாயுடு!

கிராமத்துக்கு வந்த மோட்டார் சைக்கிள்

கோவைக்கு அருகே கலங்கல் என்ற கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் துரைசாமி பிறந்தான். சிறு வயதிலேயே தாயை இழந்தான். பள்ளிக்கூடம் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. ஆனால் வண்டி ஓடியது! துரைசாமி வைத்த கண் வாங்காமல் பார்த்தான். அந்த நிமிடமே அவன் மனம் யந்திரத்துக்கு அடிமையாகிவிட்டது.

அதைப் போல ஒன்றை வாங்க வேண்டும். கையில் காசு இல்லை. துரைசாமி கோவைக்கு வந்து ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார், காபி கொடுத்தார். சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கிவிட்டார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றவில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு உறுப்பையும் கையில் எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பூட்டினார். வண்டி ஓடியது! அதுதான் அவருடைய கல்லூரி. அதுதான் அவர் வாங்கிய பட்டம்.

ஒரே பஸ், அவரே டிரைவர்

முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். பணம் வந்தது. பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரம் செய்தார். வந்த பணம் வந்த வழியே போய்விட்டது!

வேறு ஒருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். நாயுடு கோவைக்குத் திரும்பினார். அங்கே ஆலைத் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு அவர் மேல் நம்பிக்கை இருந்தது. ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவினார். 1920-ம் ஆண்டு நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். பஸ்ஸுக்கு முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே!

அந்தக் காலத்தில் பஸ் எப்போது புறப்படும் என்பது பஸ்காரருக்கே தெரியாது. ஆள் நிரம்பினால் புறப்படும், நிரம்பாவிட்டால் நிற்கும். நாயுடு இதை ஒப்பவில்லை. பஸ்ஸும் ரெயிலைப் போல நேரப்படி ஓட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊழியர்களிடம் ஒழுங்கை எதிர்பார்த்தார். வண்டி பழுதானால் தம்முடைய பட்டறையிலேயே பழுது பார்த்தார்.

மக்கள் தேடி வந்து ஏறினார்கள். ஒரு பஸ் பல பஸ்களாகப் பெருகியது. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற அவருடைய கம்பெனியிடம் 1933-ல் 280 பஸ்கள் இருந்தன. பதின்மூன்றே ஆண்டுகளில் இந்த வளர்ச்சி!

இந்தியாவில் பிறந்த மோட்டார்

இந்தச் சமயத்தில் கோவையில் ஒரு பெரிய மாறுதல் ஏற்பட்டது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. மலையில் இருந்து மின்சாரம் சமவெளிக்கு இறங்கி வந்தது. பஞ்சாலைகள் பெருகின. கோவைப் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. மாடு கட்டிக் கவலை இறைப்பதற்குள் உழவரின் பாதி நாள் போய்விடும். மின்சாரத்தால் இறைத்தால் எவ்வளவு மிச்சம்!

ஆனால் மோட்டார்? அது வெளிநாட்டுச் சரக்கு. விலையோ அதிகம். ஏதாவது ஓர் உறுப்பு தேய்ந்தால் கப்பலில் மறு உறுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நாயுடுவும் தொழில் நுட்பம் தெரிந்த டி. பாலசுந்தரம் நாயுடுவும் கைகோத்தார்கள். பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலை ஏற்பட்டது. 1937-ம் ஆண்டு அங்கே ஒரு மின்சார மோட்டார் தயாராகி ஓடியது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் அதுதான்!

பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் என்ற கம்பெனியைத் தொடங்கி நூற்பாலை யந்திரங்கள் செய்தார். வேலை பழகியவர்கள் வெளியே வந்து சொந்தப் பட்டறை வைத்தார்கள். ஒருவர் இரும்பு வார்த்தார். ஒருவர் கம்பி சுற்றினார். ஒருவர் பம்பு செய்தார். கோவை நகரமே மோட்டாரும் பம்பும் செய்யும் ஊராக மாறியது.

சவரக் கத்தியில் இருந்து ரேடியோ வரை

நாயுடுவின் மூளை ஒரு பொருளோடு நிற்கவில்லை. உலகம் சுற்றினார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே சினிமாப் படம் பிடித்தார். ஜெர்மனியின் தொழிற்சாலைகளைப் பார்த்தார். பார்த்ததை எல்லாம் நம் நாட்டு ஏழைக்கு எப்படி எட்டச் செய்வது என்று யோசித்தார்.

பாட்டரிக் கட்டையால் ஓடும் சவரக் கத்தி ஒன்றைச் செய்தார். அதன் பெயர் ரேசண்ட். உள்ளே விரல் அளவில் ஒரு மோட்டார்! நாவிதர் மரத்தடியில் சவரம் செய்துவந்த காலத்தில் இது செய்யப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மின்சாரம் எட்டாத வீட்டுக்கு மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி செய்தார். பழச்சாறு பிழியும் கருவி செய்தார். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை ரூ. 70-க்குக் கொடுக்க முடியும் என்று செய்து காட்டினார். கள்ள ஓட்டுப் போட முடியாதபடி ஓட்டுகளைப் பதிவு செய்யும் யந்திரம் ஒன்றையும் அமைத்தார். அவர் மறைந்த பிறகு, 1982-ல்தான் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாக மின்னணு யந்திரத்தில் ஓட்டுப் பதிவு நடந்தது!

இரண்டு ஆண்டு போதாதா?

தமக்குக் கிடைக்காத படிப்பு பிறருக்குக் கிடைக்க வேண்டும் என்று நாயுடு விரும்பினார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட்டது. சென்னை கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இன்றைக்கும் பீளமேட்டுப் பக்கத்து பஸ் நிறுத்தம் ஒன்று ஹோப் கல்லூரி என்றே வழங்குகிறது.

1945-ல் நாயுடுவே அதன் முதல்வர் ஆனார். ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர் என்ஜினீயரிங் கல்லூரிக்கு முதல்வர்!

என்ஜினீயரிங் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் எதற்கு என்று அவர் கேட்டார். பட்டறையில் பழக்கினால் இரண்டு ஆண்டுகளே போதும் என்றார். அரசாங்கம் ஏற்கவில்லை. நாயுடு பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். அந்தக் கல்லூரியே இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது.

இரண்டாயிரம் ரூபாய்க்குக் கார்!

1952-ல் நாயுடு இரண்டு பேர் உட்காரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை ரூ. 2,000. கார் என்றால் ஜமீன்தார் வீட்டு வாசலில் நிற்பது என்று மக்கள் நினைத்த காலம் அது. பள்ளி ஆசிரியரும் சிறு கடைக்காரரும் கார் வாங்கலாம் என்றால் அது சாதாரணச் செய்தியா?

ஆனால் அந்தக் கார் தெருவுக்கு வரவில்லை.

1951-ல் பாராளுமன்றம் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றி இருந்தது. அதன்படி முக்கியமான தொழில்களைப் புதிதாகத் தொடங்க அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். அன்று நாட்டில் இரும்புக்குப் பஞ்சம். அன்னியச் செலாவணிக்கும் பஞ்சம். யார் எதைச் செய்வது என்று சர்க்காரே பங்கு போட விரும்பியது. நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றது.

வரி விஷயத்திலும் அவருக்கும் அரசாங்கத்துக்கும் ஒத்துப் போகவில்லை. மனம் கசந்த நாயுடு தாம் செய்த பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் பதறினார்கள். செய்த கையே உடைப்பதா என்று வருந்தினார்கள். உடைத்தவருக்கு அதைவிட வருத்தம் இருந்திருக்கும். ஆனால் உடைந்த பொருளால் சட்டம் மாறவில்லை. மக்களுக்கும் லாபம் இல்லை.

வென்றது எது? தோற்றது எது?

மோட்டாரைச் செய்ததும் அதே மூளை. காரைச் செய்ததும் அதே மூளை. ஒன்று ஓடியது, மற்றொன்று நின்றது. ஏன்?

மோட்டாருக்குப் பின்னால் ஓர் ஊரே இருந்தது. மலையில் இருந்து மின்சாரம் வந்தது. வாங்குவதற்கு ஆலைகள் இருந்தன; உழவர்கள் இருந்தார்கள். கூட உழைக்கப் பாலசுந்தரம் இருந்தார். கற்றுக்கொண்டவர்கள் தாங்களும் செய்தார்கள். நாயுடு விலகினாலும் மோட்டார் தொழில் நிற்காது என்ற நிலை ஏற்பட்டுவிட்டது.

காருக்குப் பின்னால் நாயுடு ஒருவரே இருந்தார். அவரை மறித்ததும் காரும் நின்றது. அரசாங்கம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். நாயுடுவும் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு பொறுமையோடு தட்டியிருந்தால் ஒருவேளை திறந்திருக்கும். குற்றம் முழுவதையும் ஒரு பக்கத்தில் போட முடியாது. நஷ்டம் மட்டும் நாட்டுக்கு. சாமானியருக்கு ஏற்ற சிறு கார் என்ற பேச்சோடு டாட்டாவின் நானோ 2009-ல் விற்பனைக்கு வந்தது. நாயுடு அதை நினைத்ததோ 57 ஆண்டுகளுக்கு முன்பு!

நாயுடு 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். இந்தியாவின் எடிசன் என்று மக்கள் அவரைப் போற்றினார்கள். கோவை அவினாசி சாலையில் உள்ள அவர் பெயர் கொண்ட காட்சிசாலையில் அவர் செய்த பொருள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்த ஆண்டு, 1975-ல், விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அரசாங்க பஸ் கழகம் ஒன்று ஏற்பட்டது. அதற்குத் தந்தை பெரியாரின் பெயர் வைக்கப்பட்டது. பெரியார் நாயுடுவின் நண்பர். தனி மனிதர் ஒரே பஸ்ஸை வைத்துத் தொடங்கிய காலம் போய், அரசாங்கமே ஊர் ஊராக பஸ் விடும் காலம் வந்துவிட்டது.

இன்று திண்டிவனம் சாலையில் ஒரு புதுமையைக் காணலாம். சத்தம் இல்லாமல் ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன, கார்களும் ஓடுகின்றன. அவற்றில் பெட்ரோல் இல்லை. பாட்டரியும் மோட்டாரும்தான்! வென்ற மோட்டார், தோற்ற காரைத் தானே சுமந்துகொண்டு கிளம்பிவிட்டது. அதைப் பார்க்க நாயுடு இல்லை. இருந்திருந்தால், முதல் வேலையாக அந்த வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பார்!