சொல்லின் திரையை விலக்கியவர்: ஜார்ஜ் ஆர்வெல்

இலக்கணம் சொல்லைப் பிழையின்றி ஆளக் கற்பிக்கிறது. இலக்கியம் சொல்லின் சுவையை உணர்த்துகிறது. சொல்லைக் கொண்டு நம்மை ஏமாற்ற முனைவோரை இனங்காணும் பயிற்சியும் மொழிக்கல்வியின் ஒரு கூறே என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். போர்க்காலத்தில் இப்பயிற்சியின் தேவை பன்மடங்காகிறது. போர்க்காலப் பரப்புரையைப் பகுத்தாயும் கலையைத் தம் பட்டறிவால் கற்று, பிறர்க்கும் கற்பித்தவர்களுள் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் குறிப்பிடத்தக்கவர். அவர்தம் வாழ்வை இந்நோக்கில் ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

எரிக் ஆர்தர் பிளேயர் என்பது அவருடைய இயற்பெயர். 1903ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், இன்றைய பீகார் மாநிலத்திலுள்ள மோதிஹாரியில் பிறந்தார். தந்தையார் ஆங்கில அரசின் அபினித் துறையில் பணியாற்றியவர். குழந்தைப் பருவத்திலேயே தாயாருடன் இங்கிலாந்து சென்ற எரிக், புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியில் பயின்றார். பல்கலைக்கழகம் புகாமல், 1922இல் பர்மாவில் காவல்துறை அதிகாரியானார். ஆள்வோர் ஒழுங்கு என்றும் நாகரிகம் என்றும் பெயரிட்டு அழைப்பது, ஆளப்படுவோர்க்கு எவ்வாறு அமைகிறது என்பதை அங்கே நேரிற் கண்டார். 1927இல் தாயகம் திரும்பியதும் அப்பதவியைத் துறந்தார். ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்தார். சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். 1933இல் முதல் நூல் வெளிவந்தபோது ஜார்ஜ் ஆர்வெல் என்னும் புனைபெயரை ஏற்றார்.

ஸ்பெயின் தந்த பாடம்

ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த 1936ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்வெல் அங்குச் சென்றார். பிராங்கோவின் படைகளை எதிர்த்துப் போரிட, போவும் என்னும் சிறிய இடதுசாரிக் கட்சியின் தொண்டர் படையில் சேர்ந்தார். 1937 மே மாதத்தில், பிராங்கோவை எதிர்த்து நின்ற தரப்பினருக்குள்ளேயே பார்சிலோனா நகரில் தெருச்சண்டை எழுந்தது. அப்போது அவர் அந்நகரில் இருந்தார். பின்னர்ப் போர்முனை சென்றவரின் கழுத்தை எதிரியின் குண்டு துளைத்தது. அரிதின் உயிர் பிழைத்தார். அடுத்த மாதமே அவர்தம் கட்சி தடைசெய்யப்பட்டது. அவரும் அவர் மனைவியாரும் எல்லை கடந்து பிரான்சுக்குத் தப்பினர்.

தம்மோடு பதுங்குகுழியில் பசியையும் குளிரையும் தாங்கிய தோழர்களைப் பிராங்கோவின் கையாள்கள் எனத் தம் அணியைச் சார்ந்த செய்தித்தாள்களே எழுதியதைக் கண்டு ஆர்வெல் அதிர்ந்தார். நடவாத போர்கள் நடந்தனவாகவும், வீரத்துடன் போரிட்டோர் கோழைகளாகவும் துரோகிகளாகவும் அச்சேறின. எதிரி பொய் சொல்வான் என்பது எவரும் அறிந்ததே. தம் அணியும் பொய் சொல்லும் என்பதே அவர் பெற்ற பாடம்.

1938இல் வெளிவந்த கட்டலோனியா பற்றிய நூலில், இப்பொய்களை அவர் வெறுஞ்சினத்தால் மறுக்கவில்லை. செய்தித்தாள்களின் கூற்றுகளை வரிசைப்படுத்தினார். ஒன்றோடொன்று முரண்படும் இடங்களைச் சுட்டினார். எழுதியவர் நிகழ்விடத்தில் இருந்தாரா என வினவினார். முடிவில், தம்முடைய ஒருதலைச் சார்பையும் ஐயுறுமாறு வாசகரையே வேண்டினார். ஆயிரத்து ஐந்நூறு படிகளே அச்சான அந்நூல், அவர் மறையும் வரை முற்றும் விற்கவில்லை.

வானொலியில் ஈராண்டு

இரண்டாம் உலகப்போரின்போது, 1941 ஆகஸ்டு முதல் 1943 நவம்பர் வரை, பி.பி.சி. வானொலியின் கீழ்த்திசைப் பிரிவில் ஆர்வெல் பணியாற்றினார். இந்திய நிகழ்ச்சிகளுக்கு இசட். ஏ. புகாரி பொறுப்பாளராக இருந்தார். முல்க் ராஜ் ஆனந்த், இலங்கைத் தமிழ்க் கவிஞர் தம்பிமுத்து ஆகியோர் ஆர்வெல் நடத்திய நிகழ்ச்சிகளில் பங்கேற்றனர். அவர் எழுதிய போர்ச்செய்தி விளக்கங்கள் தமிழ், குஜராத்தி, மராத்தி முதலிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின.

பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் குரல் ஒலித்த காலம் அது. இந்தியரைப் பிரிட்டன் பக்கம் நிறுத்துவதே ஆர்வெல்லுக்கு இடப்பட்ட பணி. பேரரசாட்சியை வெறுத்தவர், அப்பேரரசின் குரலாக நின்றார். பொய்யை எழுதாதிருக்க முயன்றார்; ஆயினும், உண்மைகளுள் சிலவற்றைத் தேர்ந்து கூறிப் பிறவற்றைத் தணிக்கைக்கு விடுவதும் பரப்புரையே என்பதை உணர்ந்திருந்தார். தம் காலமும் பொதுமக்கள் பணமும் வீணாகின்றன எனக் கருதி, இறுதியில் விலகினார்.

அவர் காட்டிய ஆய்வுநெறி

1945, 1946ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் அவர் தம் ஆய்வுநெறியை விளக்கினார். ஒரே கொடுமையை எதிரி செய்தால் கண்டிப்பதும், தம்மவர் செய்தால் பொறுத்துக்கொள்வதும் பரப்புரைக்கு மனம் இடங்கொடுத்ததன் அடையாளம் என்றார். ஊர்களின்மேல் குண்டு வீசுவதற்கு அமைதிப்படுத்துதல் என்றும், உழவரை நிலத்தைவிட்டுத் துரத்துவதற்கு மக்கள் இடமாற்றம் என்றும் பெயரிடும் மொழியைத் தோலுரித்தார்.

தமிழ் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். கொன்றனர் என்னும் வினை, கொன்றவர் யாவர் என்னும் வினாவை எழுப்புகிறது. கொல்லப்பட்டனர் என்னும் செயப்பாட்டு வினையோ கொன்றவரைக் கூறாமலே வாக்கியத்தை முடித்துவிடுகிறது. இலக்கண வகுப்பில் நாம் கற்பிக்கும் எழுவாயும் பயனிலையும் செய்தியைச் சோதிக்கும் உரைகற்களாதல் இங்ஙனமே.

சோவியத் நாடு பிரிட்டனின் நட்பு நாடாக இருந்தமையால், அதன் ஆட்சியைச் சாடிய விலங்குப் பண்ணை நூலைப் பதிப்பகங்கள் சில மறுத்தன. 1945இல் அது வெளிவந்தது. நேற்றைய செய்தியை இன்று திருத்தி எழுதும் அரசைச் சித்திரித்த 1984 என்னும் புதினம் 1949இல் வந்தது. காசநோயால் நலிந்திருந்த ஆர்வெல், 1950 ஜனவரி 21ஆம் நாள் தம் 46ஆம் வயதில் மறைந்தார்.

நிறைவாக

ஒரு செய்தியை மறைத்தல் நேர்மையன்று. 1949இல் நோய்ப்படுக்கையில் இருந்தபோது, பிரிட்டன் அரசின் பரப்புரைப் பிரிவுக்கு எழுதத் தகாதவர்கள் என 38 பேரின் பெயர்களை ஆர்வெல் அப்பிரிவுக்கே அளித்தார். அப்பட்டியல் 2003இல் முழுமையாக வெளிவந்தது. அது சரியா தவறா என்பதில் அறிஞர்கள் மாறுபடுகின்றனர். தம்மையும் ஐயுறுமாறு சொன்ன ஆசிரியரை அவ்வாறே ஆராய்வதுதான் அவர்க்கு நாம் செய்யும் மரியாதை.

மாணவர்களே! ஒரே போர்நிகழ்வைப் பற்றி இரு தரப்பினரும் வெளியிட்ட செய்திகளை அருகருகே வைத்துப் பாருங்கள். செய்தவர் பெயர் எங்கே மறைகிறது, எவருடைய சாவு எண்ணாகவும் எவருடைய சாவு பெயராகவும் வருகிறது, சொல்பவர் கண்டவரா கேட்டவரா என வினவுங்கள். பின்னர், நீங்கள் நம்ப விரும்பும் செய்தியை எடுத்து அதே வினாக்களைத் தொடுங்கள். யார் கூறினும் மெய்ப்பொருள் காண்பதே அறிவு என்ற வள்ளுவர், நம்மவர் கூறுவதற்கு அதில் விலக்கு அளிக்கவில்லை.