கோ. வெங்கடசாமி

கோவிந்தப்பா வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 – ஜூலை 7, 2006) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆவார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976ஆம் ஆண்டு நிறுவியவர் இவரே. ஸ்ரீ அரவிந்தரின் ஆன்மிக நெறியில் பற்றுக் கொண்ட இவர், மருத்துவப் பணியையே இறைவழிபாடாகக் கருதினார். அந்நோக்கிலேயே மருத்துவர்களையும் கண் மருத்துவ உதவியாளர்களையும் பயிற்றுவித்தார். 'டாக்டர் வி' என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டார்.

இளமையும் கல்வியும்

வெங்கடசாமி எட்டயபுரம் வட்டாரத்தில் உள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தாளும் எழுதுகோலும் இல்லாத தொடக்கப் பள்ளியில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்தார். சிறுவயதில் இவருடைய உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்தனர். ஊரில் மருத்துவர் எவரும் இல்லாததால் நேர்ந்த இவ்விழப்புகளே மகப்பேறு மருத்துவர் ஆகவேண்டும் என்ற எண்ணத்தை இவருள் விதைத்தன.

கிறித்தவ மறைப்பணியாளர்கள் நிறுவிய மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்றார். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவப் பட்டம் பெற்று, இந்தியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

நோயும் துறை மாற்றமும்

முடக்கு வாதம் என்னும் மூட்டு நோயால் தாக்கப்பட்டு 1948இல் படைப் பணியிலிருந்து விலகினார். ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் இருந்தார். கைவிரல்கள் நிலையாகக் கோணிப் போயின. அவ்விரல்களால் மகப்பேறு மருத்துவம் செய்ய இயலாது என்பதால் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். 1951இல் கண் மருத்துவப் பட்டயமும் 1954இல் மேற்பட்டமும் பெற்றார். தம் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கண்புரை அறுவையைப் பொறுமையாகப் பழகித் தேர்ந்தார். வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார் எனக் கூறப்படுகிறது.

அரசுப் பணி

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், எர்ஸ்கின் மருத்துவமனை என்றழைக்கப்பட்ட அரசு மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்று, இருபது ஆண்டுகள் பணியாற்றினார். மருத்துவமனைக்கு வர வழியற்ற சிற்றூர் மக்களுக்காக 1960களில் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். பார்வையற்றோருக்கான மறுவாழ்வு மையத்தை 1966இலும், கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியை 1973இலும் தொடங்கினார். அதே 1973இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அரவிந்த் கண் மருத்துவமனை

ஐம்பத்தெட்டு வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வெங்கடசாமி, மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். வங்கிக் கடன் கிடைக்காத நிலையில் வீட்டை அடமானம் வைத்தும் குடும்பத்தாரின் நகைகளை ஈடு வைத்தும் பணம் திரட்டப்பட்டது. தங்கை கோ. நாச்சியார், அவருடைய கணவர் பெ. நம்பெருமாள்சாமி உள்ளிட்ட உறவினர்கள் இவருடன் இணைந்து பணியாற்றினர். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கு இலவச அறுவை செய்யப்பட்டது. இரு பிரிவினருக்கும் அதே மருத்துவர்களே சுழற்சி முறையில் சிகிச்சை அளித்தனர். முகாம்களில் கண்டறியப்பட்ட கண்புரை நோயாளிகள் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்டு, உணவும் தங்குமிடமும் அளிக்கப்பட்டு, அறுவைக்குப் பின் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

பயிற்சி முறை

சமயப் பற்றின் அடிப்படையில் மருத்துவக் கல்வி அளிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. வெங்கடசாமி பிறந்த 1918ஆம் ஆண்டில்தான் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கான கிறித்தவ மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். வெங்கடசாமியின் பற்றுதல் ஸ்ரீ அரவிந்தரின் கருமயோக நெறியைச் சார்ந்தது. செய்யும் வேலையே ஆன்மிகப் பயிற்சி என்பது அதன் சாரம். எனினும் பயிற்சிக்கோ சிகிச்சைக்கோ எவருடைய சமயமும் கேட்கப்படவில்லை.

மருத்துவர் சிலரின் தன்னலமின்மையை மட்டும் நம்பிப் பார்வையிழப்பை ஒழிக்க முடியாது என்பதை இவர் உணர்ந்திருந்தார். அமெரிக்காவில் மெக்டொனால்ட்சு உணவகங்கள் எல்லா ஊர்களிலும் ஒரே தரத்தைப் பேணுவதைக் கண்டு, பயிற்சியாலும் ஒழுங்குமுறையாலும் மருத்துவத் தொண்டையும் அவ்வாறு பெருக்கலாம் எனக் கருதினார். பள்ளிப் படிப்பை முடித்த சிற்றூர்ப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் பயிற்றுவிக்கப்பட்டனர். பார்வை அளத்தல், நோயாளியை அறுவைக்கு ஆயத்தப்படுத்துதல் போன்றவற்றை அவர்கள் ஏற்றதால், மருத்துவர் அடுத்தடுத்த மேசைகளில் இடைவிடாது அறுவை செய்ய முடிந்தது. மேற்படிப்பு பயிலும் மருத்துவர்கள் முகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். அறுவைத் திறனை மட்டுமன்றி, ஏழை நோயாளியின் சூழலையும் அவர்கள் அறிய வேண்டும் என்பது இதன் நோக்கமாகும்.

1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம், இறக்குமதி செய்யப்பட்டு வந்த கண் உள்வில்லைகளைப் பன்மடங்கு குறைந்த விலையில் மதுரையிலேயே உற்பத்தி செய்தது. பிற மருத்துவமனைகளின் பணியாளர்களுக்கும் இம்முறையைக் கற்பிக்க, அரிமா சங்கத்தின் துணையுடன் சமுதாயக் கண் மருத்துவப் பயிற்சி நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. போட்டி நிறுவனங்கள் உருவாகும் என்று தயங்காமல் வெளிநாட்டவருக்கும் இங்கு பயிற்சி அளிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

மறைவும் மரபும்

வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று மதுரையில் காலமானார். அவர் வாழ்நாளிலேயே தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) ஆகிய ஊர்களில் மருத்துவமனைகள் தொடங்கப்பட்டிருந்தன. அவர் மறைவுக்குப் பின் இந்நிறுவனம் 2008இல் உலக நலவாழ்வுக்கான கேட்சு விருதையும் 2010இல் கான்ராட் ஹில்டன் மனிதநேயப் பரிசையும் பெற்றது. அவருடைய நூற்றாண்டு நாளான 2018 அக்டோபர் 1 அன்று கூகுள் தேடுபொறி தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து சிறப்பித்தது.