சேற்றில் பூத்த இளவரசி

செடிகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை உலகத்துக்குத் தந்தவர் லின்னேயஸ். மாணவராக இருந்தபோது அவர் பட்ட வறுமை கொஞ்சமல்ல. ஓட்டை விழுந்த செருப்புக்குள் காகிதத்தை மடித்து வைத்து நடந்தவர் அவர்!

ஸ்வீடன் நாட்டில் 1707-ம் ஆண்டு பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்பது தாயின் ஆசை. மகனுக்கோ செடி கொடிகளைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. பையனை ஏதாவது கைத்தொழிலில் சேர்த்துவிடும்படி ஆசிரியர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு டாக்டர் பரிந்து பேசியதால் படிப்பு தப்பியது.

தன்னந்தனியாக...

நாட்டின் வடகோடியில் லாப்லாந்து என்ற குளிர்ப் பிரதேசம் இருக்கிறது. அங்கே என்னென்ன செடிகள் முளைக்கின்றன என்று பார்த்துவர, உப்சாலா நகரத்து அறிவியல் கழகம் 1732-ல் அவருக்கு 400 தாலர் செப்புக் காசு கொடுத்தது. மே மாதம் குதிரை ஏறினார். துணைக்கு யாரும் இல்லை. பூதக்கண்ணாடி, கொசுவுக்கு முகத்திரை, செடிகளை அழுத்தி வைக்கக் காகிதக் கட்டு ஆகியவை உடன் சென்றன. அப்போது அவருக்கு வயது 25.

ஜூன் மாதத் தொடக்கத்தில் லிக்ஸெலே என்ற ஊரைத் தாண்டியதும் வந்தது சோதனை. கண்ணுக்கு எட்டிய தூரம் சதுப்பு நிலம். பனி உருகி ஓடும் காலம் அது. முழங்காலுக்கு மேல் குளிர்ந்த நீர், அடியில் பனிக்கட்டி. மழை வேறு பிடித்துக்கொண்டது. வழிகாட்டியாக வந்த சாமி இனத்தவருக்கே வழி தெரியவில்லை. அவர் உதவி தேடிப் போய், ஒரு பெண்ணை அழைத்து வந்தார். மேலே போகமுடியாது, திரும்பிவிடுங்கள் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

பசி வயிற்றைக் கிள்ளியது. அவள் கொடுத்த மீனில் புழு நெளிந்தது! கடைசியில் பனிமான் பாலில் செய்த சிறு பாலாடைக்கட்டி கிடைத்தது. உயிர் வந்தது. நரகம்கூட இதைவிட மோசமாக இராது என்ற கருத்தில் நாட்குறிப்பில் எழுதி வைத்தார் லின்னேயஸ்.

பெயர் பிறந்தது

ஆனால் அந்தச் சதுப்புகளில்தான் ஒரு சின்னஞ்சிறு செடி அவர் மனத்தைக் கவர்ந்தது. மொட்டு நல்ல சிவப்பு. விரிந்தால் இளஞ்சிவப்பு. நீருக்கு நடுவே ஒரு மேட்டில், தலை கவிழ்ந்து நின்றது. சுற்றிலும் தேரைகள்.

கிரேக்கக் கதை ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. கடல் பூதத்துக்கு இரையாகப் பாறையில் கட்டப்பட்ட இளவரசியின் கதை அது. அவள் பெயர் ஆந்த்ரோமிடா. அந்தப் பெயரையே பூவுக்குச் சூட்டினார். நாட்குறிப்பில் இளவரசியையும் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார். படம் சுமார்தான். கற்பனை மட்டும் அபாரம்!

அக்டோபரில் ஊர் திரும்பினார். அந்தப் பிரதேசத்துச் செடிகளைப் பற்றிய அவரது நூல் 1737-ல் வெளிவந்தது. பிற்காலத்தில் உப்சாலாவில் பேராசிரியர் ஆனார். பல நாட்டு மாணவர்கள் தேடி வந்தார்கள். 1778-ல் காலமானார்.

சேற்று இளவரசி இன்றும் ஆந்த்ரோமிடாதான். சதுப்புகளை வற்றடித்து வயலாக்கிய சில நாடுகளில் அவளைக் காண்பது அரிதாகிவிட்டது.

லின்னேயஸின் மாணவர்களில் ஒருவர் கோனிக் என்ற டாக்டர். அவர் 1768-ல் கப்பலேறி வந்து இறங்கிய ஊர், நம் தரங்கம்பாடி. இங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டே செடி தேடினார்.