கழற்றிப் பார்த்தவர்: ஜி.டி. நாயுடு



போன செமஸ்டர் லீவில் திருவிடைமருதூர் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய சி.ஆர்.ஓ.வோடு உட்கார்ந்திருந்தேன். கும்பகோணத்தில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. 20 மெகாஹெர்ட்ஸ், ரெண்டு சேனல். ஸ்விட்ச் போட்டால் விளக்கு எரியும், திரையில் கோடு வராது. மூடியைத் திறக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும் என்ற பயம் ஒண்ணு. மூணரை வருஷம் இ.சி.இ. படிச்சவன், திறந்து பார்த்துட்டு ஒண்ணும் புரியலைன்னா என்ன பண்றது என்ற பயம் இன்னொண்ணு. ரெண்டாவதுதான் பெரிசு.

அதைப் பார்த்துத்தான் தாத்தா ஜி.டி. நாயுடு பேரை எடுத்தார். உங்களுக்கும் அந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்தார்களே, 10 கி.மீ. நீள மேம்பாலம், அது அவர் பேரில்தான் இருக்கு. ஆனால் அவர் கதை தெரியுமா?

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23, கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமம். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆரம்பப் பள்ளியைத் தாண்டவில்லை. தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் பட்டது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி எப்படி ஓடுது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? யூடியூப் பார்ப்போம். அவர் கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். காசு சேர்த்தார். அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், திரும்ப மாட்டினார். அப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார். அதுதான் அவருடைய காலேஜ்.

1920இல் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் தானே ஓட்டினார். அது வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற பெரிய நிறுவனம் ஆச்சு. 1937இல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸிலிருந்து இந்தியாவில் தயாரான முதல் எலெக்ட்ரிக் மோட்டார் வெளியே வந்தது. அதன் மூளை டி. பாலசுந்தரம் நாயுடு என்பதையும் சேர்த்துச் சொல்லணும். பேட்டரியில் ஓடும் ரசந்த் ஷேவிங் ரேசர், மண்ணெண்ணெயில் சுற்றும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு செய்யும் மெஷின் என்று பட்டியல் நீளும்.

இ.சி.இ. மக்களே, இது நமக்கு: 1941இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே செய்ய முடியும் என்று அறிவித்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருஷம் அது.

எல்லாம் ஜெயித்தது என்று நினைக்காதீங்க. 1952இல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார், விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றுபோச்சு.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். 1945இல் அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கியது. இன்றைய ஜி.சி.டி.க்கு அதுதான் ஆரம்பம். ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் அதற்கு முதல்வராகவும் இருந்தார். இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் வீண், ரெண்டு வருஷமே போதும் என்பது அவர் கட்சி. ஆங்கிலேய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகிவிட்டார்.

ரெண்டு வருஷம் போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கணக்கும் தியரியும் இல்லாமல் அந்த சி.ஆர்.ஓ. சர்க்யூட்டை என்னால் படித்திருக்க முடியாது. ஆனால் நாலாவது வருஷத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கை நடுங்கினால், அவர் எதைக் கேட்டார் என்று புரியுது.

1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். அவிநாசி சாலையில் அவர் பேரில் உள்ள அருங்காட்சியகத்தை ஒருமுறை போய்ப் பாருங்க.

என் சி.ஆர்.ஓ.? மூடியைத் திறந்தேன். பவர் சப்ளையில் ஒரு கெப்பாசிட்டர் உப்பிப்போய் இருந்தது. அதே அளவில் கும்பகோணத்தில் இல்லை, சென்னை ரிச்சி தெருவிலும் இல்லை. வோல்டேஜ் குறையாமல், மைக்ரோஃபாரட் கொஞ்சம் கூடுதலாக, உருவத்தில் பாதியாக ஒன்று கிடைத்தது. ஒயர் நீட்டி சால்டர் பண்ணினேன். பச்சைக் கோடு வந்தது. ரெண்டாவது சேனலின் திருகு ஸ்விட்ச் உடைந்திருக்கு. அதற்கு மாற்று இன்னும் எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் நானே ஒன்று செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு செத்துப்போன ரேடியோவோ மீட்டரோ இருக்கும். பிளக்கைப் பிடுங்குங்க, கெப்பாசிட்டரில் தங்கிய சார்ஜை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்குங்க, கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்குங்க. அப்புறம் கழற்றுங்க.