கணக்கில் அரியர், கராஜில் கார்



ரேட் ராட் வீடியோ பார்த்திருக்கீங்களா? 1930-கள்ல வந்த பழைய ஃபோர்டு காரோட துருப்பிடிச்ச பாடியை எங்கேயோ ஒரு கொட்டகையில இருந்து இழுத்துட்டு வருவாங்க. மட்கார்டு, பம்பர் எல்லாத்தையும் கழட்டி எறிவாங்க. வேற ஏதோ ஒரு வண்டியோட இன்ஜினை வைப்பாங்க. பெயின்ட்கூட அடிக்க மாட்டாங்க, துருவே அழகுன்னு விட்டுடுவாங்க. நம்ம மெக்கானிக்கல் பசங்க இதை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பார்த்துட்டு, மறுநாள் முதல் ஹவர்ல தூங்குறது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான்.

கையில் கிடைத்த பழைய வண்டியை வெட்டி, ஒட்டி, நம்முடையதாக மாற்றுகிற இந்தப் பைத்தியம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்திலும் இது இருந்தது. அங்கே அப்படிப்பட்ட வண்டிக்குப் பெயர் ஸ்பெஷல். அப்படி ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டு ஆரம்பித்த ஒரு காலேஜ் பையன், பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயத்தையே தலைகீழாகப் புரட்டிப் போட்டார். அவர்தான் காலின் சாப்மன், லோட்டஸ் கார் நிறுவனத்தை உருவாக்கியவர். அவருக்கும் கணக்குப் பேப்பரில் அரியர் இருந்தது. அதனால இந்தக் கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கம்!

சாப்மன் பிறந்தது 1928 மே 19. வளர்ந்தது வடக்கு லண்டனில் ஹார்ன்சி என்ற பகுதியில். ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருந்த ரயில்வே ஹோட்டலை அவருடைய அப்பா நடத்தி வந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவர் சேர்ந்தது மெக்கானிக்கல் இல்லை, ஆட்டோமொபைலும் இல்லை. கட்டமைப்புப் பொறியியல், அதாவது நம்ம சிவில் பக்கம். பாலமும் கட்டடமும் எப்படி எடையைத் தாங்குகின்றன என்பதுதான் அவர் படித்த பாடம். கூடவே பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். இந்த இரண்டையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

படிக்கும்போதே நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கும் சைடு பிசினஸ். போருக்குப் பிறகு புது கார் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் பழைய காருக்கு நல்ல கிராக்கி. வியாபாரம் ஓஹோவென்று போனது. அப்போதுதான் 1947-ல் ஒரு அடி விழுந்தது. சொந்த கார் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்து வந்த அடிப்படை பெட்ரோல் ரேஷனை நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. பெட்ரோலே இல்லாத ஊரில் காரை யார் வாங்குவார்கள்? விலை தரைக்கு வந்துவிட்டது. கையிலிருந்த கார்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சம்பாதித்ததெல்லாம் போனது. விற்காமல் மிச்சம் நின்றது ஒரே ஒரு வண்டி. கிட்டத்தட்ட சாப்மன் வயசே ஆன ஒரு ஆஸ்டின் செவன்.

ஆஸ்டின் செவன் என்பது இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பங்களைக் காரில் ஏற்றிய வண்டி. 1922-லிருந்து 1939 வரை வந்தது. நாலு சிலிண்டர், 747 சிசி. இன்றைக்கு நம்ம ஊரில் ஓடுற சில பைக்குகளோட இன்ஜினே இதைவிடப் பெரிசு! அதன் சேசிஸ் ஆங்கில ஏ எழுத்து மாதிரி முன்னால் கூர்ந்து பின்னால் விரிந்திருக்கும். எடை குறைவு, விலை குறைவு. ஆனால் மேடு பள்ளத்தில் போனால் முறுக்கிக்கொள்ளும். விற்க முடியாத அந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாமாக இருந்தால் காயலான் கடையில் போட்டிருப்போம். சாப்மன் பிரிக்க ஆரம்பித்தார்.

இடம் கொடுத்தது அவருடைய காதலி ஹேசல் வில்லியம்ஸ். அவருடைய பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன கராஜ்தான் பட்டறை. ஹேசலும் கூடவே நின்று வேலை செய்தார். பழைய பாடியை முழுக்கக் கழற்றி எடுத்துவிட்டு, சேசிஸுக்கு வலுக்கூட்டி, புதுசாக ஒரு பாடி கட்டினார்கள். அதற்கு எடுத்தது அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்.

இங்கேதான் சிவில் படிப்பும் விமானமும் உள்ளே வருது. மத்தவங்க ஸ்பெஷல் கட்டும்போது, எடையைத் தாங்குறது சேசிஸோட வேலை, பாடி வெறும் சட்டைன்னு நினைச்சாங்க. விமானத்தில் அப்படிக் கிடையாது. அதன் வெளித்தோலே பாரத்தைச் சுமக்கும். இதைப் புரிஞ்சுக்க ஒரு தீப்பெட்டி போதும். உள்ளே இருக்கிற தட்டை மட்டும் வெளியே எடுத்து ரெண்டு கையால முறுக்கிப் பாருங்க, சுலபமா வளையும். அதையே மேலுறைக்குள்ள தள்ளிட்டு முறுக்குங்க, அசையாது. எடை பெரிசா கூடலை, ஆனா நாலு பக்கமும் மூடினதும் முறுக்கைத் தாங்குற பலம் வந்துடுச்சு. சாப்மன் தன் பிளைவுட் பாடியைப் பெட்டி மாதிரி கட்டி, ஆஸ்டினின் முறுக்கிக்கொள்ளும் சேசிஸை அதைக் கொண்டே இறுக்கினார்.

1948-ல் வண்டி தயாரானது. புதிதாகப் பதிவு செய்து ஓஎக்ஸ் 9292 என்ற எண் வாங்கினார். பெயர் லோட்டஸ், நம்ம தாமரை. ஏன் அந்தப் பெயர் என்று அவர் கடைசி வரை யாரிடமும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சேற்று மலைச்சரிவில் ஏறும் டிரையல்ஸ் போட்டிகளில் ஹேசலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினார். சேற்றுத் தாமரை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்!

இதுக்கு நடுவுல காலேஜ்ல என்ன ஆச்சு? 1948-ல் கடைசி வருஷக் கணக்குப் பேப்பர் போச்சு. டிகிரி இல்லாமல் வெளியே வந்தார். கொஞ்ச காலம் விமானப் படையில் இருந்தார். அடுத்த வருடம் மறுபடி எழுதித் தேறிப் பட்டம் வாங்கினார். பிறகு ஒரு அலுமினிய நிறுவனத்தில் வேலை. கட்டடங்களுக்கு அலுமினியத்தைப் பயன்படுத்தச் சொல்லி விற்பதுதான் உத்தியோகம். மாலையிலும் விடுமுறையிலும் கார் கட்டினார்.

1951-ல் இன்னொரு ஆஸ்டின் செவனை வைத்து மூன்றாவது காரைக் கட்டினார், இந்த முறை டிராக் பந்தயத்துக்கு. அந்த இன்ஜினில் நாலு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் போர்ட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒரே வாசலில்தான் மூச்சு விடணும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால், ஒரே வாசலைப் பகிரும் ஜோடி அடுத்தடுத்து இழுக்கும். ஒன்றுக்குப் போக வேண்டியதை இன்னொன்று பிடுங்கிக்கொள்ளும். சாப்மன் செய்தது சின்ன வேலை. பகிர்கிற அந்த வழியின் நடுவில் ஒரு தடுப்பு வைத்தார். இரண்டு வாசல் நாலானது. விதியில் இதைச் செய்யக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை! கார் பறந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த சீசனுக்கு அந்த வேலையையே தடை செய்தார்கள். விதிப் புத்தகத்தின் சந்து பொந்துகளைத் தேடும் பழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

1952-ல் ஹேசலிடம் 25 பவுண்டு கடன் வாங்கி லோட்டஸ் இன்ஜினியரிங் ஆரம்பித்தார். இடம், அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். அங்கிருந்து வந்த மார்க் சிக்ஸில் ஆஸ்டின் சேசிஸ் இல்லை. மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த ஸ்பேஸ்ஃபிரேம். நம்ம சிவில் பசங்க வரையுற ட்ரஸ்தான் அது. அந்தச் சட்டத்தின் எடை சுமார் 25 கிலோ. ஒரு அரிசி மூட்டை! வாங்குகிறவர்களே பாகங்களை வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். 1954-ல் ஹேசலைத் திருமணம் செய்துகொண்டார்.

அப்புறம் நடந்தது வரலாறு. 1962-ல் வந்த லோட்டஸ் 25-ல் குழாய்ச் சட்டமே இல்லை. அலுமினியத் தகட்டைத் தொட்டி மாதிரி மடித்து அதையே சேசிஸ் ஆக்கினார். அந்த கராஜ் பிளைவுட் பெட்டியின் வளர்ந்த வடிவம்தான் அது. ஜிம் கிளார்க் 1963-லும் 1965-லும் லோட்டஸில் உலக சாம்பியன். 1967-ல் லோட்டஸ் 49. இன்ஜினையே சேசிஸின் பாகமாக்கி, பின் சக்கர சஸ்பென்ஷனை அதில் மாட்டினார். 1978-ல் காருக்கு அடியில் ஓடும் காற்றை வைத்தே வண்டியைத் தரையோடு அழுத்தும் லோட்டஸ் 79. மொத்தம் ஏழு கன்ஸ்ட்ரக்டர்ஸ் சாம்பியன்ஷிப். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கொள்கை: ஒரு பாகம் இரண்டு வேலை செய்யணும், தேவையில்லாத ஒரு கிராம் கூட வண்டியில் இருக்கக் கூடாது.

இதோட நிறுத்தினா இது வெறும் பாராட்டுப் பத்திரம் ஆயிடும். மீதியையும் கேளுங்க.

எடையைக் குறைத்துக்கொண்டே போனால் எங்கேயாவது ஒரு கோடு வரும். எஸ்ஓஎம் பேப்பரில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று இரண்டு மார்க் கேள்வியாகப் படிக்கிறோமே, அந்தக் கோடுதான். 1969-ல் பார்சிலோனாவில் ஒரே பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களின் உயரமான இறக்கைகளும் முறிந்து விழுந்து, இரண்டு கார்களும் மோதின. அதில் அடிபட்ட யோகன் ரிண்ட், சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை, பலவீனமான பாகங்களைப் பலப்படுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டு செப்டம்பர் 5, இத்தாலியின் மோன்சாவில் பயிற்சி ஓட்டம். ரிண்ட் ஓட்டிய லோட்டஸ் 72-ன் முன்பக்க பிரேக் ஷாஃப்ட் உடைந்தது. எடை குறைக்க உள்ளே கூடாகச் செய்த ஷாஃப்ட் அது. ஓரத் தடுப்பும் சரியாகப் பொருத்தப்படவில்லை. ரிண்ட் இறந்தார். அந்த வருடப் புள்ளிகளை யாராலும் முந்த முடியாததால், இறந்த பிறகு உலக சாம்பியன் ஆன ஒரே ஓட்டுநர் அவர்தான். ஒரு ஷாஃப்டின் சுவரை எத்தனை மில்லிமீட்டர் வைப்பது என்பது வெறும் கணக்கு இல்லை. அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

விதியில் சந்து தேடும் பழக்கமும் வெளியே பரவியது. டிலோரியன் காரை வடிவமைத்துத் தரும் ஒப்பந்தத்தில், கோடிக்கணக்கான பணம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வழியாகக் காணாமல் போனது. அந்த கார் திட்டத்தில் பிரிட்டிஷ் மக்களின் வரிப் பணம் இருந்தது. விசாரணை நெருங்குவதற்குள், 1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பில் சாப்மன் இறந்தார். வயது 54. பத்து வருடம் கழித்து அவருடைய நிதி அதிகாரி சிறைக்குப் போனார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்குக் குறைந்தது பத்து ஆண்டு சிறை என்று நீதிபதி குறிப்பிட்டார்.

அந்த முதல் கார்? அடுத்த வண்டிக்குப் பணம் வேணும்னு 1950-ல் அதை விற்றுவிட்டார். அதன் பிறகு அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. 2018-ல், லோட்டஸின் 70-ஆம் ஆண்டில், அவருடைய மகன் கிளைவ் சாப்மன் உலகம் முழுவதும் உள்ள ரசிகர்களிடம் அதைத் தேடச் சொல்லிக் கேட்டார். ஏதோ ஒரு கொட்டகையில், தூசிக்கு அடியில், தான் எதற்குத் தொடக்கம் என்று தெரியாமல் அது இன்னும் நின்றுகொண்டிருக்கலாம்.

அதனால நண்பர்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குப் புது பாகம் வாங்கக் காசு இல்லைன்னு கவலைப்படாதீங்க. ஒர்க்‌ஷாப் பின்னாடி கிடக்கிற பழைய வண்டியை ஒரு தடவை போய்ப் பாருங்க. எதைக் கழற்றலாம்னு சாப்மன்கிட்ட கத்துக்கோங்க. எதைக் கழற்றக் கூடாதுங்கிறதையும் அவர்கிட்டயே கத்துக்கோங்க. அப்படியே அந்த அரியரையும் எழுதி முடிச்சிடுங்க, அவரும் முடிச்சாரு!