பாரதியார் கண்ட காற்று

தாம்பரம், குரோம்பேட்டை முதலிய சென்னைத் தென்புறநகர்ப் பள்ளி மாணவர்க்குப் பாரதியாரின் காற்றுப் பாட்டு புதிதன்று. 2019-ல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அது இடம்பெற்றது. இஃது உவமை, இஃது உருவகம் என்று பெயர் சொன்னால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆயின், பெயரறிந்தால் பொருளறிந்ததாகுமா? ஆகாது என்பதே நமது அபிப்பிராயம். அணியின் பொருளைக் கவியின் வாழ்க்கையிலே தேடவேண்டும்.

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியார், 1904-ல் சென்னையில் பத்திரிகைத் தொழிலில் புகுந்தார். அந்நிய அரசின் அடக்குமுறை நெருங்கவே, 1908-ல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் சென்று பத்தாண்டுகள் வசித்தார். அங்கும் வறுமையும் ஒற்றரும் அவரை விட்டகலவில்லை. அக்காலத்தில் எழுந்ததே காற்றைப் பற்றிய வசன கவிதை.

அதிலே பந்தலில் தொங்கும் இரு கயிறுகள், கந்தன், வள்ளியம்மை என்னும் பெயர் பூண்டு காதலரைப்போல் உரையாடுகின்றன. காற்று ஓய்ந்ததும் பேச்சும் ஓய்ந்துவிடுகிறது. அஃறிணைப் பொருள்களைப் பேசுவனபோலவும் கேட்பனபோலவும் கூறும் மரபை நன்னூலாரும் ஒப்புக்கொண்டுள்ளார். பாரதியார் மரபுக்காக மட்டும் அதனைக் கையாண்டாரில்லை. கயிற்றை அசைப்பது எதுவோ, அதுவே நமது பிராணனும் ஆகும் என்று காட்டவே கையாண்டார். அந்த உருவகத்தை நீக்கினால் உண்மையும் உடன் நீங்கிவிடும்.

மற்றோரிடத்திலே காற்று நலிந்தோரை எள்ளி நகையாடுகிறது. வீட்டையும் உடலையும் உள்ளத்தையும் உறுதி செய்துகொண்டோர்க்கு நண்பனாகிறது. காற்றின் சீற்றத்தை அவர் அறியாதவரல்லர். 1916 நவம்பரில் புதுவையைப் புயல் தாக்கியபோது அங்கிருந்த அவர், அதைக் குறித்தும் பாடியுள்ளார். ஒரு நூற்றாண்டு கழித்து, 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் நமது புறநகர்ச் சாலைகளில் மரங்களைச் சாய்த்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவும் பெருஞ்சேதமுற்றது. அன்று கதவைத் தாழிட்டு நடுங்கியோர்க்கு இவ்வணியை விளக்க உரையாசிரியர் வேண்டுமோ?

பாரதியார் 1918-ல் புதுவையை விட்டு நீங்கியதும் சிறைப்பட்டு, பின்னர் விடுதலை பெற்றார். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 39 நிறையவில்லை. துன்புற்ற அவ்வாழ்விலும் காற்றைப் பகையெனக் கொள்ளாது, தெய்வமென அழைத்த நெஞ்சுரமே அப்பாட்டின் உயிர்.

ஆசிரியர்கள் மாணவரைப் பள்ளி முற்றத்துக்கு அழைத்துச் சென்று, பிற்பகலிற் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றில் ஆடும் கயிறு ஒன்றைக் காட்டுவாராக. அது என்ன பேசுகிறதென்று மாணவர் முதலிற் கேட்கட்டும். அணியின் பெயரைப் பின்னர்ச் சொல்லலாம்.